கிட்டங்கித் தெருவின் சாயங்காலம்

விருதுநகரில் கிட்டங்கித் தெரு என்று ஒரு தெரு. மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளெல்லாம் லாட்ஜாகவும் பரோட்டாக் கடையாகவும் ஜவுளிக் கடையாகவும் மாறி வருசக்கணக்காகியும், அதற்குள் நடந்தால் இன்னமும் தும்மல் வரும். அந்தத் தெருவுக்கு ஒரு ஆயுத பூசையன்று வந்த சாயங்காலம் திரும்பிப் போகவே இல்லை. கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் தாராளமாகப் பிளந்துகொள்ளுங்கள். தெருக்காரர்கள் பிளக்கவில்லை. அவர்களுக்கு அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சாயங்காலத்தை அங்கே நிறுத்தி வைத்தவர் கோமதிநாயகம். பக்கத்துத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஊரில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பத்தில் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் எதிலும் இல்லாதவர். மனுசனுக்குச் சீட்டு கிடையாது, பீடி கிடையாது, ஒரே ஒரு கிறுக்கு உண்டு, அது பழைய நியான் போர்டு. கண்ணாடிக் குழாயை எழுத்தெழுத்தாக வளைத்து, உள்ளே வாயுவை அடைத்து, கரண்டு கொடுத்ததும் சிவப்பாகவும் நீலமாகவும் எரிந்து வண்டு மாதிரி இரைகிற போர்டுகள் கிட்டங்கித் தெருவில் இன்னும் நாலைந்து தொங்கின. கீழே எல்இடி போர்டுகள் வந்த பிறகு மேலே இருந்தவை புறா உட்காரத்தான் பயன்பட்டன, வருசத்தில் ஒரு நாள் தவிர. ஆயுத பூசையன்று தராசுக்கும் கத்திரிக்கும் தோசைக்கல்லுக்கும் பொட்டு வைக்கிற கடைக்காரர்கள், இதுவும் நமக்கு உழைத்த சாமான்தானே என்று ஏணி போட்டு ஏறி அவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் எரிய விடுவார்கள். அதைப் படமெடுக்கத்தான் கோமதிநாயகம் வருசம் முழுக்கக் காத்திருப்பார். “தீபாவளிக்குச் சேலை எடுக்கக் கூப்பிட்டா முட்டி வலிக்கும், போர்டு எரியுதுன்னா மட்டும் காலுக்குச் சக்கரம் முளைச்சிரும்” என்று அவர் மனைவி செண்பகவல்லி ஏசுவாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அன்றைக்கு அவருடைய கேமராவும் பூசையில் இருக்கும். பூசையில் வைத்த சாமானுக்கு அன்று ஓய்வு, மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கிறவரைக்கும் அதை வேலை வாங்கக் கூடாது. அதனால் வருசாவருசம் சாத்தூரில் இருக்கிற மச்சினனிடம் ஒரு கேமராவை இரவல் வாங்கி வருவார். அந்த வருசம் மச்சினன் அதை எங்கேயோ பஸ்ஸில் விட்டுவிட்டான். போர்டுகள் எரியத் தொடங்கிவிட்டன, கோமதிநாயகத்துக்குக் கை பரபரத்தது, ஒரே ஒரு படம்தானே, இதுக்குப் போய் சரசுவதி கோவிச்சுக்கவா போறா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொட்டு வைத்த பிலிம் கேமராவைப் பூசையிலிருந்து தூக்கிக்கொண்டு, செண்பகவல்லி சுண்டல் தாளிக்கிற நேரம் பார்த்து நழுவிவிட்டார்.

தெரு நடுவில் ஸ்டாண்டைப் போட்டு, சந்திர விலாஸ் லாட்ஜின் போர்டுக்கு நேரே கேமராவை வைத்தார். சிவப்பு எழுத்து, பக்கத்தில் நீலத்தில் ஒரு பிறை. இருட்டில் எரிகிற போர்டு படத்தில் விழ வேண்டுமென்றால் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும், ஆகவே திறந்தார், போதும் என்று தோன்றியதும் மூட அழுத்தினார், அது மூடவில்லை. தட்டினார், ஊதினார், கெஞ்சினார். ஓய்வில் இருக்கிறவனை உலுக்கி எழுப்பி ஒரு வேலை சொன்னால் தூக்கக் கலக்கத்தில் பாதியைச் செய்துவிட்டு மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் போய்யா என்று திரும்பிப் படுப்பானே, அப்படிப் படுத்துவிட்டது கேமரா. அதன் கண் மூடாததால் அதற்கு முன்னால் இருந்த சாயங்காலமும் அப்படியே நின்றது.

முதலில் கண்டுபிடித்தவர் பரோட்டாக் கடை தனுஷ்கோடி. பிசைந்த மாவெல்லாம் தீர்ந்து, மறுபடி பிசைந்து அதுவும் தீர்ந்து, மேலே பார்த்தால் வானம் அதே கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறது. அந்த நேரம் பால்காரன் தெருமுக்கிலிருந்து வருகிறான், அவன் முதுகில் பளீரென்று வெயில் அடிக்கிறது, சாக்கடை மேல் போட்ட கல்லைத் தாண்டியதும் அந்த வெயில் அவன் முதுகிலிருந்து வழித்து எடுத்த மாதிரி காணாமல் போகிறது. “ஏலே, அங்க விடிஞ்சிருச்சால?” என்றார் தனுஷ்கோடி. “விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு” என்றான் பால்காரன். “இங்க விடியலடே” என்று சொல்லிவிட்டு தனுஷ்கோடி மூன்றாவது தடவையாக மாவு பிசையப் போனார்.

கோமதிநாயகத்துக்குப் பசித்தது. இந்தச் சனியனை வந்து பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டுக்குப் போய் ரெண்டு வாய் சாப்பிடலாம் என்று கேமராவை அங்கேயே விட்டுவிட்டுத் தெருமுக்குக்கு நடந்தார். அவர் நடக்க நடக்க முதுகுக்குப் பின்னால் வானம் வெளுத்தது. சாக்கடைக் கல்லில் கால் வைத்தபோது போர்டுகள் மங்கின, லாட்ஜ் மாடியிலிருந்து ஒரு பொம்பளை வீறிட்டாள், “யாத்தே, எங்க அக்காவுக்கு மூச்சு நிக்குது!” அவர் பதறித் திரும்பி ஓடி வந்தார். அவர் ஓடி வர வர வானம் மறுபடி கறுத்தது, மாடியில் மூச்சு மறுபடி ஓடியது.

மாடியில் கிடந்தவள் ஜெயக்கொடி, லாட்ஜின் சொந்தக்காரி. புருசன் போன பிறகு ஒண்டியாக லாட்ஜை நடத்தி, குடித்துவிட்டு வருகிறவனைச் செருப்பாலேயே விரட்டி, தெருவே பயப்படுகிற வாயோடு இருந்தவள். நுரையீரல் கெட்டுப் படுத்தவளை அன்று மத்தியானம்தான் டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிரயோசனமில்லை, விடிவதற்குள் முடிந்துவிடும், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போயிருந்தார். விடியவில்லை, அவளும் சாகவில்லை. கோமதிநாயகம் தெருவில் இருக்கிறவரைக்கும் கேமராவுக்குச் சாயங்காலத்தைப் பிடித்து வைக்கத் தெம்பு இருந்தது, அவர் கல்லைத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்தது. நம்பாதவர்களுக்காக அவரை இன்னொரு தடவை நடக்கவிட்டுக் காட்டினார்கள், மாடியில் அவள் கண் சொருகியதைப் பார்த்ததும் அதற்கு மேல் யாரும் பரீட்சை பார்க்கக் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, ஒரு உசிரு விசயம், போயிராதீங்க” என்று தனுஷ்கோடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உசிரு விசயம்தான், அதில் பொய்யில்லை. சாயங்கால வியாபாரமும் ஒரு விசயம்தான், அதை அவர் சொல்லவில்லை.

அப்புறம் தெரு அந்தச் சாயங்காலத்தை ஒரு புது மருமகளைப் பழக்குகிற மாதிரி பழக்கிக்கொண்டது. கேமராவுக்கு மழை படக் கூடாது என்று ஒரு குடையைக் கட்டினார்கள், லாரிக்காரர்கள் அதைச் சுற்றி ஓட்டப் படித்தார்கள், போகிற வருகிற பெண்கள் அதற்கு ஒரு முழம் பூவைச் சாத்தினார்கள், அந்தப் பூவோ சாயங்காலத்தில் மலர்கிற மல்லிகையாதலால் அப்போதுதான் மலர்ந்தது போலவே வாடாமல் இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்த மில்காரர்கள் பகல் தூக்கத்துக்கு அந்தத் தெருவைத் தேடி வர, லாட்ஜில் ரூம் கிடைக்கவில்லை. பரோட்டாக் கல் ஆறவில்லை, ஜவுளிக் கடையில் கூட்டம் குறையவில்லை. வடகம் காயப்போடவும் துணி உலர்த்தவும் பெண்கள் பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள், அந்தத் தெருக்காரிகள் முதலில் முறைத்து, பிறகு ஆளுக்கு ஒரு தட்டு பரோட்டா என்று ஒத்துக்கொண்டார்கள். தெருச் சேவல் ஒன்று நாள் தவறாமல் முக்குக்கு நடந்துபோய், வெயிலில் நின்று கூவிவிட்டு, டூட்டி முடிந்த போலீஸ்காரர் மாதிரி திரும்பி வந்தது. பிள்ளையார் கோயில் பூசாரி சாயங்கால பூசையை முடித்து, பொரிகடலை கொடுத்து, உட்கார்ந்து யோசித்துவிட்டு மறுபடி சாயங்கால பூசையைத் தொடங்கினார். ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், இருட்டாக இருக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை என்று சொல்லி, பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் கல்லைத் தாண்டிப் போனார்கள், வெயிலில் காய்ந்தார்கள், வந்தார்கள். கோமதிநாயகம் மட்டும் போகவில்லை. தெரு அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. லாட்ஜில் நல்ல ரூம், வேளாவேளைக்குச் சாப்பாடு, கேட்காமலேயே டீ, முதுகு சொறியக்கூட ஆள் வந்துவிடும் போலிருந்தது. அவர் சும்மா முக்குப் பக்கம் நாலு எட்டு வைத்தால் போதும், கடைக்குக் கடை ஆள் எழுந்து நின்று, “என்னங்கண்ணாச்சி, ஏதும் வேணுமா?” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் வந்த வழியே திரும்பிவிடுவார். அடித்துப் பூட்டி வைத்திருந்தால் கதவை உடைக்கலாம், இவர்கள் கும்பிட்டுப் பூட்டியிருந்தார்கள்.

செண்பகவல்லி தினமும் தூக்குவாளியில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தாள். முதலில் ஒப்பாரி வைத்தாள், பிறகு சரசுவதியிடம் பரிகாரம் கேட்டு விரதம் இருந்தாள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாடிக்குப் போய் ஜெயக்கொடியிடம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். “அவ மேல கோவமே வர மாட்டேங்குதுங்க” என்றாள் ஒரு நாள். கோமதிநாயகத்துக்கு வந்தது. மாடி வராந்தாவில் ஜெயக்கொடி ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுக் குச்சி ஐஸ் சப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. குணமாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை, அப்படியே இருந்தாள், அவரையும் அப்படியே இருக்க வைத்தாள்.

மகள் சுகந்திக்குத் தை மாதம் கல்யாணம். ஆயுத பூசைக்கு முன்பே நிச்சயம் பண்ணியது, மாப்பிள்ளை சாத்தூர், காலையில் சூரியன் ஏறுகிற நேரத்து முகூர்த்தம். ஒரே பிள்ளை. பிறந்த நாளிலிருந்து அவளை எத்தனை படம் எடுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது, அத்தனையிலும் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அவள் கல்யாணத்தில் மட்டும் கேமராவை எவனிடமாவது கொடுத்துவிட்டு முன்னால் நிற்கப் போகிறேன், தாரை வார்க்கிற கை என் கையாக இருக்கும் என்று அவள் சடங்கான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகை அச்சாகி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மாடி ஏறினார்.

ஜெயக்கொடி அவரைப் பார்த்ததும், “உக்காருங்கண்ணாச்சி. பத்திரிகை மதினி குடுத்துட்டாங்க” என்றாள்.

“காலையில முகூர்த்தம்” என்றார்.

“ம்.”

அவர் காத்திருந்தார். இந்த மாதிரி இடத்தில் நோயாளியானவள் ஒரு பெருமூச்சு விட்டு, என் காலம் முடிஞ்சுபோச்சு, நீங்க சந்தோசமாப் போயிட்டு வாங்க என்று சொல்வாள், நாமும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். எத்தனை கதை கேட்டிருக்கிறோம், அவற்றில் அப்படித்தானே சொல்கிறார்கள்.

“போகாதீங்க” என்றாள் ஜெயக்கொடி.

“ஒரே மக, ஜெயக்கொடி.”

“தெரியும். நல்லவளா இருந்தா போங்கன்னு சொல்லிருப்பேன். நான் நல்லவ இல்லண்ணாச்சி. எனக்கு நாப்பத்தாறு வயசு, சாக வேண்டிய வயசா இது? மூச்சு இழுக்கிறது நரகமாத்தான் இருக்கு, ஆனா இழுக்கேன்ல. கீழ பரோட்டா வாசம் வருது. சண்டை சத்தம் கேக்குது. எனக்கு இது போதும். உங்க கால்ல வேணாலும் விழுதேன், போங்கன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க.”

செத்துத் தொலையேன் என்று அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கீழே வந்து, கேமராவின் குடைக்கு அடியில் குத்தவைத்து, சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதார். தெருவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. ஒருவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் அதை எட்டி உதைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டீ வந்தது.

வழி சொன்னது சுகந்திதான். கல்லுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்று, இடுப்பில் கை வைத்து, தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க மணவறைக்கு வர முடியாதுன்னா மணவறை உங்ககிட்ட வரட்டும்பா. இந்த முக்குலயே வச்சுக்குவோம். நாங்க காலையில உக்காருதோம், நீங்க சாயங்காலத்துல உக்காருங்க. கையை மட்டும் நீட்டுங்க, போதும்” என்றாள்.

சாத்தூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். பொண்ணைப் பெத்தவர் இருட்டில் உட்கார்ந்து தாரை வார்ப்பதாவது, ஊர் சிரிக்காதா என்றார்கள். “தாரை வாக்கிறது கைதான, கை வெளிச்சத்துல இருந்தாப் போதும்” என்று மாப்பிள்ளையே சொன்ன பிறகு அடங்கினார்கள். கையை நீட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்தாக வேண்டும். கோமதிநாயகம் கல்லுக்கு மேலாக விரல்களை நீட்டினார், மணிக்கட்டு வரை நீட்டினார். வானத்தில் ஒரு சொட்டு மோர் கலந்த மாதிரி லேசாக வெளுத்தது, மாடியில் இருமல் கேட்டது, நிற்கவில்லை. “மணிக்கட்டு வரைக்கும் தாங்குவேன்” என்று மேலேயிருந்து ஜெயக்கொடி கத்தினாள். “முழங்கை வேண்டாம்!”

அப்படி நடந்தது கல்யாணம். பந்தல் பாதி வெயிலில், பாதி இருட்டில். அந்தப் பக்கம் இட்லியும் பொங்கலும், இந்தப் பக்கம் பரோட்டாவும் சால்னாவும், மேளக்காரர்கள் எந்த நேரத்து ராகம் வாசிப்பது என்று கொஞ்சம் திண்டாடி, பிறகு ரெண்டையும் வாசித்தார்கள். எனக்கும் பார்க்கணும் என்று ஜெயக்கொடி அடம் பிடித்ததால் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து கோமதிநாயகத்துக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பட்டுச் சேலை கட்டி, உதட்டுக்கு லேசாகச் சாயம்கூடப் பூசியிருந்தாள்.

கோமதிநாயகம் கையை நீட்டினார். மாதக்கணக்காக வெயில் படாத கை. காலை வெயில் அதில் பட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுகந்தியின் கை அவர் கைக்குள் வந்தது, மாப்பிள்ளை கை வந்தது, தண்ணீரை வார்த்தார், செண்பகவல்லி விம்மினாள், கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. ஊரே அட்சதை போட்டது. அவ்வளவுதான், கையை இழுத்துக்கொள்ள வேண்டிய நேரம்.

சுகந்தி விடவில்லை.

“வாங்கப்பா” என்றாள். அவள் இதை முன்னாலேயே முடிவு பண்ணியிருந்தாளா, அந்த நேரத்தில் தோன்றியதா, யாருக்கும் தெரியாது. மாலையும் கழுத்துமாக மணையிலிருந்து எழுந்து நின்று, ரெண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒரு எட்டுதாம்பா. எவ்வளவு நாளைக்கு அங்கேயே கிடப்பீங்க? எனக்கு நீங்க வேணும்பா. வாங்க.”

முழங்கை வெளியே வந்தது. பின்னால் வானம் வெளுத்தது, சந்திர விலாஸின் சிவப்பு எழுத்துகள் ரோஜாப் பூ நிறத்துக்கு இறங்கின. தெருவே எழுந்து நின்றது, ஆனால் இத்தனை மாதம் சிரித்துச் சிரித்து வழி மறித்தவர்கள் அன்றைக்கு ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. தனுஷ்கோடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அப்பனை இழுக்கிறாள், நடுவில் யார் போய் நிற்பது? ஜெயக்கொடி மட்டும் நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்து, கோமதிநாயகத்தின் புதுச் சட்டையைப் பின்பக்கம் எட்டிப் பிடித்தாள். அந்தப் பிடியில் ஒரு காக்காய் உட்கார்ந்த கனம்கூட இல்லை. உதறவே தேவையில்லை, நகர்ந்தால் போதும்.

அவர் நகர்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, இழுத்ததால் போனார் என்று சொன்னால் அது பொய், அவரே போனார். தோள் வெயிலுக்கு வந்தது, கன்னத்தில் சூடு பட்டது, அடுத்த எட்டுக்குக் கால் தூக்கினார், அவர் மனசில் மகளையும் வெயிலையும் தவிர வேறு யாருமே இல்லை.

அப்போதுதான் சுகந்தி அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சட்டையைப் பிடித்திருந்த ஜெயக்கொடி அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள். சாயம் பூசிய உதடு நீலம் பாரித்திருந்தது.

“பயமா இருக்கும்மா” என்றாள் ஜெயக்கொடி.

சுகந்தி கையை விட்டாள்.

கோமதிநாயகம் தூக்கிய கால் தடுமாறிச் சாயங்காலத்துக்குள் மல்லாந்து விழுந்தார். வானம் கறுத்தது, போர்டு எரிந்தது, மூச்சு ஓடியது. கல்லுக்கு அந்தப் பக்கம் சுகந்தி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் புது மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கார் வந்தது, சாத்தூருக்குப் போக நல்ல நேரம் முடியப் போகிறது என்றார்கள், அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். செண்பகவல்லி மகளோடு ஏறினாள். கோமதிநாயகம் கல்லோரம் உட்கார்ந்து கார் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடி நாற்காலியை இழுத்து இழுத்து அவர் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள். மூச்சு வாங்கிச் சமாளிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

“நீங்க போயிருப்பீங்கதான அண்ணாச்சி?”

அவர் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமா” என்றார்.

“பார்த்தேன்” என்றாள் அவள். பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது.

“சரி, விடுங்க. எந்திரிச்சுச் சாப்பிட வாங்க” என்றாள் ஜெயக்கொடி. “உங்க மக கல்யாணச் சாப்பாடு.”